சவேத்தாவுக்காக ஒரு ரொட்டி

பணம் எங்கிருந்து வருகிறது என்று இலிங்கா ஒருநாளும் கேட்டதில்லை. மாதக் கடைசியில் வந்துவிட்டதா என்று மட்டும் பார்ப்பாள். க்ளுஷ் நகரத்தில் கணினியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற பாதிப் பேர் அப்படித்தான். சாப்பிடுகிற சோயாவுக்கு எந்தக் காடு அழிந்தது என்று கேட்பார்கள், போடுகிற சட்டையை எந்தக் குழந்தை தைத்தது என்று கேட்பார்கள், தங்கள் சம்பளம் எந்தக் கிணற்றிலிருந்து ஊறுகிறது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டால் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும் அல்லவா.

அவளுடைய கம்பெனியில் ஆறு பேர். பழைய பின்னலாடை ஆலை ஒன்றின் மேல்மாடியில் அலுவலகம். ஆறு பேரும் சேர்ந்து செய்தது ஒரு மஞ்சள் பெட்டி. பெட்டியிலிருந்து நீளநீளமாகக் கம்பிகள், ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஓர் இரும்பு ஆணி. இடிந்து விழுந்த கட்டடத்தைச் சுற்றி அந்த ஆணிகளை மண்ணில் குத்திவிட்டால் போதும். உள்ளே உயிரோடு இருப்பவரின் நெஞ்சு துடிக்கிற துடிப்பைப் பெட்டி கேட்கும், திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியாகக் காட்டும். மோப்ப நாய் பார்க்கிற வேலையைப் பார்ப்பதால் அதற்கு அவர்கள் வைத்த பெயர் நாய்க்குட்டி.

போன குளிர்காலத்தில் மனஷ்டூர் பக்கம் எரிவாயு வெடித்து ஒரு குடியிருப்பு சரிந்தது. தீயணைப்புக்காரர்கள் கைவிட்டுத் தேநீர் குடிக்கப் போன நேரம். இலிங்கா பெட்டியை வைத்தாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு புள்ளி, மினுக் மினுக் என்று. அந்தப் புள்ளியைத் தோண்டிப் போனால் அங்கே ஒரு பெண்மணி, தலைமுடி முழுக்கச் சுண்ணாம்பு. வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அடுப்பை அணைச்சாங்களா?" சுற்றி நின்றவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். இலிங்கா பெட்டியின் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள். தான் எழுதிய கணக்குகளும் குறியீடுகளும் ஒரு மனுஷியைக் கல்லுக்கு அடியிலிருந்து கூப்பிட்டு வந்துவிட்டன என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. கோயிலில்கூட அவள் அப்படி நின்றதில்லை.

நாய்க்குட்டிக்குத் தீனி போட்டது செர்புல் நிதியம். செம்புச் சுரங்கத்துக்காரர்களின் பணம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்பதோடு சரி. நிதியத்தின் ஆளாக வருகிற லஸ்கர் நல்ல மனிதர், பிறந்தநாளுக்குக் கேக் அனுப்புகிறவர். இப்போது இரண்டாம் தவணை ஒப்பந்தம் தயாராக இருந்தது. அது கைக்கு வந்தால் நாட்டின் தீயணைப்பு நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு நாய்க்குட்டி உட்காரும். வராவிட்டால் கோடைக்குள் கடையை மூட வேண்டியதுதான். ஆறு பேரும் சமபங்குக்காரர்கள் என்பதால் ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து விழுந்தாயிற்று. இலிங்கா மட்டும் பாக்கி. அதுவும் மறுப்பினால் அல்ல, அன்றைக்கு அவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை லஸ்கர் சார் நேர்ல வர்றார். அப்ப போட்டுடு" என்றான் ரெமுஸ். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், கம்பெனிக்குத் தலைவன் என்று பெயர். "அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை அவங்க சுரங்கத்துக்குப் போய் ஒரு சோதனை போட்டுட்டு வா. அன்னைக்கு லாரி, எந்திரம் ஒண்ணும் ஓடாதாம், நிலம் கப்சிப்புனு இருக்கும்னு சார் சொன்னார். ஏரிக்கரையில நாய்க்குட்டியை வச்சு நாலு படமும் எடுத்துக்க. கலர் கலரா தண்ணி, சூப்பரா இருக்குமாம்."

ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு அது. இறந்தவர்களின் ஈஸ்டர், ஊரே கல்லறைக்குப் போகிற நாள். லஸ்கருக்கும் நினைவில்லை, ரெமுஸுக்கும் நினைவில்லை, காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய இலிங்காவுக்கும் இல்லை. நாட்காட்டியைக் கைபேசியிடம் ஒப்படைத்துவிட்டவர்களுக்கு இப்படித்தான் ஆகும்.

மேற்கு மலைகளின் கடைசித் திருப்பத்தில் மரங்கள் விலகின. இலிங்கா காரை நிறுத்திவிட்டாள். நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்தவில்லை, கால் தானாக அழுத்திவிட்டது.

கீழே ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் ஏரி. ஓரத்தில் துருச் சிவப்பு, உள்ளே போகப்போகப் பால்போன்ற பச்சை, நடுவில் சாம்பல். அதில் அலை இல்லை, பறவை இல்லை. செம்பை எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் சேற்றை மலைக்கு மேலிருந்து பல வருடங்களாகக் கொட்டிக் கொட்டி நிரப்பிய ஏரி. அழகாக வேறு இருந்து தொலைத்தது. அந்த அழகுதான் அவளுக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. நடுவில் சாம்பலைக் குத்திக்கொண்டு ஒரு தகரக் கூம்பு நின்றது. அதன் உச்சியில் சிலுவை சாய்ந்திருந்தது. கூம்புக்குக் கீழே மாதாகோயில் இருக்கிறது, கோயிலைச் சுற்றிக் கோர்பாரி என்ற ஊர் இருக்கிறது என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கரையில் ஆட்கள். பத்துப் பேர் இருபது பேர் அல்ல, பெருங்கூட்டம். ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், கைகளில் கூடைகளோடு, ஏரியைப் பார்த்து நின்றிருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறை எந்தத் திசையில் கிடக்கிறதோ அதற்கு நேராகப் போய் நின்றது. அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. பாதிரியார் கரையோரமாக நடந்து சாம்பல் நிறச் சேற்றின் மேல் திராட்சை ரசம் தெளித்துக்கொண்டு போனார். கல்லறை இல்லாத இடத்தில் கல்லறைத் திருவிழா நடந்தது. யாரும் ஓலமிடவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்கியதும் ஒரு மனிதன் எதிரே வந்தான். தோள் அகன்று, கழுத்து வெயிலில் கன்றிப்போய், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். அவன் பெயர் கவ்ரிலா. இந்த நாளில் கல்லறைப் பக்கம் வருகிறவர் யாரானாலும் கை நிறையக் கொடுக்காமல் விடக் கூடாது. பின்னல் ரொட்டி ஒன்று, அதில் குத்திய மெழுகுவத்தி, சுற்றி ஒரு பூத்துண்டு. அதை நீட்டினான்.

"எங்கம்மா சவேத்தாவுக்காக" என்றான்.

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இந்த நாட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பொக்தாப்ரோஸ்தே. கடவுள் அந்த ஆத்மாவை மன்னிக்கட்டும். ஆனால் இலிங்காவின் வாய் அலுவலக வாய். நாளெல்லாம் மின்னஞ்சலின் கடைசியில் நன்றி, தொலைபேசியை வைக்கும்போது நன்றி, லஸ்கரின் கேக்குக்கு நன்றி.

"ரொம்ப நன்றி அண்ணே" என்று சொல்லிவிட்டாள்.

சுற்றி நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். கவ்ரிலாவின் மனைவி வியோரிகா 'ச்சு' என்று நாக்கைத் தட்டினாள். "அடியாத்தி! டவுன்ல இதைக்கூட மறந்துட்டீங்களா?"

கவ்ரிலா கோபப்படவில்லை. ஆனால் ரொட்டியைப் பிடித்த கையை விடவும் இல்லை. "நன்றி எனக்கு எதுக்கும்மா? நீ எனக்குச் சொன்னா அது என்னோட நின்னுபோகும். அங்க எங்கம்மா வெறுங்கையோட உக்காந்திருக்கா பாரு."

அவளுக்குக் காது மடல்கள் எரிந்தன. "பொக்தாப்ரோஸ்தே" என்றாள், பள்ளிக்கூடத்தில் தப்பாக ஒப்பித்துவிட்டுத் திருப்பிச் சொல்கிற பிள்ளையாக.

"ஆங், இப்ப போய்ச் சேர்ந்திருக்கும்" என்று கையை விட்டான். "தப்பா நினைக்காத. யார் பேரைச் சொல்லிக் குடுக்கிறோமோ அவங்க நம்ம ஆளுங்க. வருஷா வருஷம் குடுத்தே ஆகணும். அதான் இதுல மட்டும் கொஞ்சம் கறாரா இருப்போம்."

பிறகு பெட்டியைப் பார்த்தான். "இது என்ன, தேன்கூடா?"

அவள் சொன்னாள். மனஷ்டூர் பெண்மணியைப் பற்றியும் சொன்னாள். கல்லுக்கு அடியில் மூச்சு இருந்தால் இது கேட்கும் என்றாள். சொல்லச்சொல்லக் கூட்டம் நெருங்கியது. கவ்ரிலா மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இங்க வச்சுக் கேளேன்" என்றான்.

"அண்ணே, இங்க... இதுல ஒண்ணும் கேக்காது."

"தெரியும்மா. நான் என்ன பைத்தியமா? இருந்தாலும் வச்சுக் கேளு."

வியோரிகா அவன் கையைப் பிடித்தாள். "விடுய்யா, அந்தப் பொண்ணைப் போட்டுப் படுத்தாத."

அவன் விடவில்லை. ஊரார் ஆளுக்கு ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு கரை நெடுக நடந்து ஆணிகளைக் குத்தினார்கள். இலிங்கா பெட்டியை ஒரு கல்லின் மேல் வைத்து முடுக்கினாள். திரை ஒளிர்ந்தது. ஒளிர்ந்ததும் எப்போதும் வருவது வந்தது. நிதியத்தின் கலைமான் சின்னம், அதன்கீழ் பெரிய எழுத்தில்: செர்புல் நிதியத்துக்கு எங்கள் நன்றி.

அந்த வரியை எழுதியவள் அவளேதான். எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று ரெமுஸ் கேட்டபோது பெரிதாக்கியதும் அவள்தான். இப்போது அந்த வரியை ஓர் ஊரே வாய்விட்டுப் படித்தது. பின்வரிசையில் ஒரு பெண் தன் கூடையைத் துணியால் மூடினாள். இலிங்காவுக்குப் பூமி பிளந்து தன்னை வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

கவ்ரிலா தொண்டையைச் செருமினான். "உனக்கும் அவங்கதான் படியளக்கிறாங்களா?" என்றான். பிறகு சிரித்தான். "எனக்கும்தான். ஆறு நாளும் லாரி ஓட்டுறேன், மேலேருந்து. கல்லறையை மாத்தித் தர்றோம்னாங்க. மாத்துறதுக்குள்ள சேறு வந்திடுச்சு. வேற வேலை எங்க இருக்கு இந்த மலையில? நான் கொட்டுறதுதான் எங்கம்மா மேல விழுது. ஒவ்வொரு தடவை லாரியைச் சாய்க்கிறப்பவும்..." நிறுத்தினான். சிரிப்பு போய்விட்டிருந்தது. "மூச்சு முட்டுமோன்னு தோணும். செத்தவளுக்கு மூச்சு எங்க? தெரியுது. ஆனா தோணுதே. அதான் கேக்கச் சொன்னேன்."

இலிங்கா திரைக்கு முன் குனிந்தாள். "எல்லாரும் கொஞ்சம் அசையாம நிக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

நின்றார்கள். பாதிரியார் ஒரு காலை முன்வைத்தவர் அப்படியே நின்றார். குழந்தைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். மெழுகுவத்திச் சுடர்கள்கூட நிமிர்ந்து நின்றன. அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அமைதியை அவள் அதற்கு முன் கேட்டதில்லை, பிறகும் கேட்கப்போவதில்லை.

திரையின் கீழ்ப்பாதியில் ஒரு புள்ளி தோன்றியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு சடசடவென்று கரை நெடுகப் புள்ளிகள். கிழவர்களின் மெதுவான புள்ளிகள், குழந்தைகளின் வேகமான புள்ளிகள், நின்றிருந்த ஒவ்வொருவரின் நெஞ்சும் மண்ணின் வழியாக வந்து வெள்ளையாய்த் துடித்தது. இடிபாடுகளில் ஒற்றைப் புள்ளிக்காக ஏங்கிப் பழகியவளுக்கு முன்னால் ஓர் ஊர் முழுவதும் மினுங்கியது. மேல்பாதியில் ஏரி இருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

அவள் கவ்ரிலாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் வெகுநேரம் அந்தக் கறுப்பைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல அண்ணே."

"அப்ப தூங்குறா" என்றான். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. வியோரிகா அவன் முதுகில் கைவைத்தபடி, திரையைக் காட்டி, "இதுல எது நான்?" என்று கேட்டாள். உடனே எல்லாரும் மூச்சை விட்டார்கள். எது நான், எது நான் என்று ஒரே தள்ளுமுள்ளு. ஒரு பையன் குதித்துப் பார்த்தான். அவன் புள்ளியும் குதித்தது.

இலிங்கா படம் எடுக்கவில்லை. ரொட்டி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது.

திங்கட்கிழமை ரெமுஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டான்.

"சரி, நாம காசு வாங்கலேன்னா அந்த ஏரி வத்திடுமா?"

"வத்தாது."

"அந்த லாரிக்காரர் வேலையை விட்டுட்டாரா?"

"இல்ல."

"அப்புறம்? அவங்க செஞ்ச பாவத்துல கொஞ்சமாச்சும் நல்லதுக்குத் திரும்புதேன்னு சந்தோஷப்படு. மனஷ்டூர்ல அந்த அம்மாவை நினைச்சுப் பாரு, இலிங்கா. இன்னொரு கட்டடம் விழும். அப்ப பெட்டி இருக்காது. செத்தவங்களுக்காக, இருக்கிறவங்களைக் கைவிடப் போறியா?"

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் வேதனை. இரவு தூக்கமில்லை. கண்ணை மூடினால் அந்த ஒற்றைப் புள்ளி வந்தது. அதற்கு மேலே அந்தக் கறுப்பும் வந்தது. இரண்டும் ஒரே திரையில்தான் இருந்தன.

செவ்வாய்க்கிழமை லஸ்கர் வந்தார். நல்ல கோட்டு, கையில் கேக் பெட்டி. ஒப்பந்தம் மேசையில் விரிந்தது. இலிங்கா பேனாவை எடுக்கவில்லை. பையிலிருந்து பூத்துண்டில் சுற்றிய ரொட்டியை எடுத்து வைத்தாள். மெழுகுவத்தியை நிமிர்த்திக் குத்தினாள்.

"சார், நீங்க குடுக்கிறதை வாங்கிக்கிறேன்" என்றாள். "ஆனா இத்தனை நாளா வெறும் நன்றி சொல்லியே வாங்கிட்டோம். இந்தத் தடவை முறைப்படி குடுங்க. யாருக்காகக் குடுக்கிறீங்கன்னு பேர் சொல்லிக் குடுங்க. கோர்பாரி கல்லறையில இருக்கிறவங்களுக்காகன்னு ஒரு வார்த்தை. நான் பொக்தாப்ரோஸ்தே சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டுடுறேன்."

ரெமுஸ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "சார், அவ விளையாட்டுக்கு..."

"விளையாடல" என்றாள்.

லஸ்கர் முதலில் சிரிக்கத்தான் பார்த்தார். ஆனால் ரொட்டியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவரும் இந்த மண்ணில் பிறந்தவர். தன் அப்பாவுக்காக இதே மாதிரி ரொட்டியைக் கையில் ஏந்தி நின்றவர். பத்திரத்தில் எந்தச் சொல்லையும் எழுதலாம், வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆனால் மெழுகுவத்திக்கு முன்னால் பொய்ப்பெயர் சொல்ல இந்த நாட்டில் பிறந்த எவருக்கும் நாக்கு எழாது. மெய்ப்பெயரைச் சொல்லிவிட்டாலோ, அவர்கள் நம்ம ஆளுங்க ஆகிவிடுவார்கள், வருஷா வருஷம் கொடுத்தே ஆக வேண்டும்.

அவர் மெதுவாக ரொட்டியைக் கையில் எடுத்தார்.

"கோர்பாரியில..." என்றார்.

அதற்குமேல் வரவில்லை. உதடு அசைந்தது. நெற்றியில் வேர்த்தது. அந்தப் பெரிய மனிதரை ஒரு காய்ந்த ரொட்டி அப்படி நிறுத்தி வைத்திருந்ததை இலிங்கா வாய்பிளந்து பார்த்தாள். தான் கேட்டது இவ்வளவு பெரியது என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

லஸ்கர் ரொட்டியை, குழந்தையைப் படுக்கவைப்பது போல, மேசையில் திரும்ப வைத்தார். சிலுவை போட்டுக்கொண்டார். "என்னால முடியலம்மா" என்றார், கோபமே இல்லாமல். "சொன்னா அது சொன்னதாயிடும்." காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். கேக் பெட்டியை மறந்துவிட்டுப் போனார்.

கதவு மூடியதும் ரெமுஸ் கத்தினான். நாய்க்குட்டியைக் கொன்றுவிட்டாய் என்றான். ஐந்து பேர் வயிற்றில் அடித்துவிட்டாய் என்றான். மற்ற நால்வரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். இலிங்கா ஒன்றையும் மறுக்கவில்லை. எல்லாம் உண்மைதானே. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. அவள் மஞ்சள் பெட்டியை இழுத்து மடியில் வைத்து முடுக்கினாள். கலைமான் வந்தது, நன்றி வந்தது. அவள் அந்த வரியை அழித்தாள். மறுபடி முடுக்கினாள். திரை கறுப்பாகவே திறந்தது. கொஞ்ச நேரத்தில் ஆறு வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. ஆணிகள் தரையில்கூடக் குத்தப்படவில்லை, மேசைமேல் கிடந்தன. மேசையில் கை ஊன்றியிருந்தவர்களின் துடிப்பு மரத்தின் வழியாகவே வந்துவிட்டது. ஒன்று மட்டும் தாறுமாறாகத் துடித்தது. அது ரெமுஸ்.

அவன் அதைப் பார்த்தான். கத்துவதை நிறுத்தினான். உட்கார்ந்தான். கையை நீட்டி ரொட்டியில் ஒரு துண்டு பிய்க்கப் பார்த்தான். முடியவில்லை, மேசை விளிம்பில் வைத்து உடைத்தான்.

"கல்லு மாதிரி இருக்கு" என்றான். பிறகு, "அந்த அம்மா பேர் என்ன சொன்ன?"

"சவேத்தா."

"பொக்தாப்ரோஸ்தே" என்றான் ரெமுஸ், வாயில் போட்டுக்கொண்டான். மற்ற நால்வரும் கையை நீட்டினார்கள்.